மாதிரி ராக்கெட்டுக்கு ஓர் ஏவுப் பெட்டி

1960-ஆம் ஆண்டு நவம்பர் 21. அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளம். மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் மெர்க்குரித் திட்டத்தின் ரெட்ஸ்டோன் ராக்கெட் ஒன்று, ஆளில்லாத கூண்டைத் தலையில் தாங்கியபடி நிற்கிறது. காலை 9 மணிக்கு எஞ்சின் பற்றியது, ராக்கெட் எழுந்தது. எவ்வளவு உயரம் எழுந்தது தெரியுமா? நான்கு அங்குலம்! அதாவது பத்து சென்டிமீட்டர். உடனே எஞ்சின் அணைந்துவிட்டது. ராக்கெட் வந்த வழியே இறங்கித் தன் பீடத்தின்மேல் மறுபடி உட்கார்ந்துகொண்டது. ஆபத்துக் காலத்தில் கூண்டை இழுத்துச் செல்ல வேண்டிய சிறு ராக்கெட்டு மட்டும், கூண்டை விட்டுவிட்டுத் தனியே வானில் பாய்ந்தது. பிறகு கூண்டின் பாரசூட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து ராக்கெட்டின் பக்கவாட்டில் துணி காயப்போட்டதுபோலத் தொங்கின.

இதற்குக் காரணம் என்ன? எரிபொருளும் இல்லை, எஞ்சினும் இல்லை. இரண்டு மின் செருகிகள்தாம். ராக்கெட் எழும்போது அதன் வால்பகுதியிலிருந்து கட்டுப்பாட்டுச் செருகி முதலிலும், மின்சாரச் செருகி அதன் பின்னும் கழல வேண்டும். அன்று வரிசை மாறிவிட்டது. வினாடியில் நூறில் சில பங்கு நேரம்தான் வேறுபாடு. ஆனால் அந்த நேரத்தில் மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழக்கமான பாதை அறுந்துபோய்விட்டது. பாதை அறுந்தால் மின்னோட்டம் வேறு பாதை இருக்கிறதா என்று பார்க்குமல்லவா? எஞ்சினை அணைக்கும் ரிலேயின் சுருள் வழியே அதற்கு ஒரு கள்ளப் பாதை கிடைத்தது. ரிலே தன் கடமையைச் செய்தது! அடுத்த முறை ராக்கெட்டையும் பீடத்தையும் இணைக்க ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள தரைப் பட்டை ஒன்றைச் சேர்த்தார்கள். 1960 டிசம்பர் 19-இல் அதே வகை ராக்கெட் ஒழுங்காகப் பறந்தது.

(இதே நவம்பர் 21-ஆம் நாளில்தான், மூன்று ஆண்டுகள் கழித்து 1963-இல், நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து சென்றது. இது தற்செயலான ஒற்றுமை. ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.)

ராக்கெட்டை ஏவுவது என்றால் அதன் உடலையும் எரிமருந்தையும் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஏவும் மின்சுற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இக்கட்டுரையில் அந்தச் சுற்றைத்தான் பார்க்கப் போகிறோம். நீங்களே மேசைமேல் வைத்துச் செய்யக்கூடிய அளவில், மாதிரி ராக்கெட்டுக்கு உரிய சிறிய ஏவுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மாதிரி ராக்கெட் என்னும் பொழுதுபோக்கு பிறந்த கதையும் சுவையானதே. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் ஈடுபாடு உடையவர். காகிதக் குழாயும் லேசான மரத் துடுப்புகளும் கொண்டு, மருந்துக் குழலை மட்டும் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பப் பறக்கவிடக்கூடிய ராக்கெட்டை 1954-இல் அவர் தம் சகோதரருடன் சேர்ந்து செய்தார். வெள்ளை மணல் ஏவுதளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்பவர், ராக்கெட் செய்ய முயன்று விபத்துக்குள்ளாகும் இளைஞர்களைப் பற்றி 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் பறந்ததும் பையன்களின் ஆர்வம் கரை கடந்தது. வீட்டுக் கொல்லையில் துத்தநாகப் பொடியையும் கந்தகத்தையும் இரும்புக் குழாய்களில் அடைத்துக் கை விரல்களை இழந்தவர்கள் உண்டு. ஸ்டைன் போன்றோர் ஒரு விதித் தொகுப்பை வகுத்தார்கள். அதன் உயிர்நாடி மூன்று: மருந்துக் குழல் தொழிற்சாலையில் செய்ததாகவே இருக்க வேண்டும், உடலில் உலோகம் கூடாது, திரி கொளுத்தக் கூடாது, மின்சாரத்தால்தான் ஏவ வேண்டும்.

திரி ஏன் கூடாது? திரியைப் பற்றவைத்தபின் மனம் மாற முடியாது. ஒரு குழந்தை ஓடி வந்தாலும், தலைக்குமேல் விமானம் வந்தாலும், திரி தன் வேலையை முடித்தே தீரும். மின்சாரம் அப்படியன்று; பொத்தானை அழுத்தும் கணம்வரை முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமல் எரிமருந்து கலப்பது குற்றம். அதைவிட முக்கியமாக, அது கண்ணையும் கையையும் பறிக்கும் வேலை. ஆகவே நம் பெட்டி எரிமருந்தைத் தொடப்போவதில்லை. கார் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றுதான் நம் ‘ராக்கெட்’. இந்தப் பல்பு ஏன் அவ்வளவு பொருத்தமானது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ராக்கெட்டின் குழலுக்குள் செருகப்படும் மெல்லிய கம்பியைக் ‘கொளுத்தி’ என்று அழைப்போம். அதன் தடை ஏறத்தாழ 1 ஓம் என்று கொள்வோம். அதில் மின்னோட்டம் பாய்ந்தால் சூடு பிறக்கிறது. சூட்டின் வீதம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கிய தொகை என்று ஜூல் விதியில் படித்திருக்கிறீர்கள். சரி, டார்ச் விளக்கில் போடும் சிறிய செல்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட் கிடைக்கிறது. 6-ஐ 1-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர், 36 வாட் என்று எழுதிவிடலாமா? தேர்வில் எழுதலாம். திடலில் நடக்காது!

செல்லுக்கு உள்தடை உண்டு. சாதாரணச் சிறு செல் ஒன்றுக்கு அரை ஓம் என்று வைத்தால் நான்குக்கு 2 ஓம். ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே போக 5, வர 5 என 10 மீட்டர் கம்பி. அரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் 10 மீட்டருக்கு 0.35 ஓம் தடை. கிளிப்புகள், ஸ்விட்சுகள் ஆகியவற்றில் 0.15 ஓம். கொளுத்தியோடு சேர்த்து மொத்தம் 3.5 ஓம். மின்னோட்டம் 1.7 ஆம்பியர்தான். கொளுத்தியில் பிறக்கும் சூடு 3 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. மீதிச் சூடு செல்களுக்குள்ளும் கம்பியிலும் வீணாகிறது.

இப்போது செல்களை எடுத்துவிட்டு, யு.பி.எஸ். பெட்டியில் வரும் 12 வோல்ட் ஈயப் பாட்டரியை வைத்துப் பாருங்கள். அதன் உள்தடை 0.05 ஓம் என்று கொண்டால் மொத்தத் தடை 1.55 ஓம். மின்னோட்டம் 7.7 ஆம்பியர். கொளுத்தியில் 60 வாட்! வோல்ட் இரண்டு மடங்குதான் கூடியது. சூடோ இருபது மடங்கு. செல்லை மல்டிமீட்டரில் வைத்து, ‘முழு வோல்ட் காட்டுகிறதே, ஏன் பற்றவில்லை?’ என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை. மல்டிமீட்டர் இழுப்பது மிக மிகச் சிறிய மின்னோட்டம். அப்போது உள்தடை வெளியே தெரியாது.

ஈயப் பாட்டரியின் இந்தத் தாராளமே அதன் ஆபத்தும் ஆகும். அதன் இரு முனைகளையும் ஒரு திருப்புளி குறுக்காகத் தொட்டால் நூறு ஆம்பியருக்கும் மேல் பாயலாம், திருப்புளி பழுத்துவிடும். எனவே பாட்டரியின் நேர்முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைப் போட வேண்டும். பெட்டிக்குள் எங்கோ ஓர் இடத்தில் போட்டால் பாட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை.

இனிச் சுற்றைக் கட்டுவோம். பாட்டரியின் நேர்முனை, ஃப்யூஸ், அதன்பின் சாவி ஸ்விட்ச். இதற்குப் பழைய ஸ்கூட்டரின் இக்னிஷன் ஸ்விட்ச் அருமையாகப் பொருந்தும். அணைந்த நிலையில் மட்டுமே சாவி கழலும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாவியின் மறுமுனையிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஏவு பொத்தான். இதற்கு ஸ்கூட்டரின் ஹார்ன் பொத்தானே போதும். 12 வோல்ட் நேர்மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டது, விரலை எடுத்தால் ஸ்பிரிங் தானே தள்ளிவிடும். மற்றக் கிளையில் 1000 ஓம் தடையும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றும் தொடராக இருக்கும். இரு கிளைகளும் மறுபடி ஒன்றுசேர்ந்து, நீண்ட கம்பி வழியே கொளுத்திக்குச் செல்கின்றன. கொளுத்தியின் மறுமுனை இன்னொரு கம்பி வழியே பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. இதுதான் முழுச் சுற்று. காகிதத்தில் வரைந்து பார்த்த பிறகே மேலே படியுங்கள்.

சாவியைத் திருப்பியதும் எல்.இ.டி. ஒளிர்ந்தால் என்ன பொருள்? பாட்டரியிலிருந்து கொளுத்தி வழியாகப் பாதை எங்கும் அறுபடவில்லை என்று பொருள். எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போக மீதி 10 வோல்ட் 1000 ஓம்மில் விழுகிறது. மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர். அதே மின்னோட்டம் கொளுத்தியிலும் பாய்கிறது. அங்கே பிறக்கும் சூடு 0.0001 வாட். பொத்தானை அழுத்தும்போது வரும் 60 வாட்டோடு ஒப்பிட்டால் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு! கொளுத்திக்குத் தெரியவே தெரியாது.

பழைய பெட்டிகளில் எல்.இ.டி.க்குப் பதிலாகச் சிறு பல்பு இருந்தது. 12 வோல்ட், 5 வாட் பல்பை அவ்விடத்தில் வைத்தால் கொளுத்தியில் 0.4 ஆம்பியர் பாயும். கம்பி தடித்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் மெல்லிய, கூருணர்வுடைய கொளுத்திகளில் சில அந்தச் ‘சோதனை’ மின்னோட்டத்திலேயே பற்றிக்கொள்ளும். சாவியைத் திருப்பியவுடன் ராக்கெட் கிளம்பும். சோதிக்கும் கருவியே ஏவும் கருவி ஆகிவிடக் கூடாது.

எல்.இ.டி. ஒளிர்ந்தால் ராக்கெட் கட்டாயம் கிளம்பும் என்று நினைத்துவிடாதீர்கள். கிளிப்பில் பாசி பிடித்து அங்கே 100 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்.இ.டி.யின் மின்னோட்டம் 10-இலிருந்து 9 மில்லி ஆம்பியராகக் குறையும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் பொத்தானை அழுத்தும்போது 7.7 ஆம்பியருக்குப் பதில் 0.12 ஆம்பியர்தான் பாயும். ஒன்றும் நடக்காது. அதுபோலவே இரு கிளிப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் எல்.இ.டி. ஒளிரத்தான் செய்யும். ‘பாதை உண்டா, இல்லையா’ என்ற ஒரே கேள்விக்குத்தான் அது விடை சொல்கிறது. ‘பாதை நல்லதா’ என்ற கேள்வியை அதனிடம் கேட்கக் கூடாது.

அந்தக் கேள்விக்கும் விடை காண வழி உண்டு. பல்பை இணைத்து, சாவியைத் திருப்பி, பல்பின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். பாய்வது 10 மில்லி ஆம்பியர் என்பதால், காட்டும் மில்லி வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் ஓம் கிடைத்துவிடும். இங்கேதான் அந்த 21 வாட் பல்பின் வேடிக்கை. 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர், அப்படியானால் தடை ஏறத்தாழ 7 ஓம் இருக்க வேண்டும். மீட்டரோ 1 ஓம்மை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ காட்டும்! பல்பு கெட்டுவிட்டதா? இல்லை. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை மிகக் குறைவு. இழை வெள்ளையாகப் பழுக்கும்போதுதான் அது பல மடங்கு உயர்கிறது. ஆக, பொத்தானை அழுத்தும் முதல் கணத்தில் இந்தப் பல்பு உண்மைக் கொளுத்தியைப் போலவே பாட்டரியிடம் பல ஆம்பியர் கேட்கும். வலுவற்ற பாட்டரி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆறு ரூபாய்க்கோ அறுபது ரூபாய்க்கோ வாங்கினாலும் இதைவிட நல்ல போலிக் கொளுத்தி கிடைக்காது.

அடுத்து, ஒவ்வோர் உறுப்பும் பழுதானால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். நம் ரயில் நிலையங்களில் நெடுங்காலம் நின்ற கைகாட்டிகளை எண்ணிப் பாருங்கள். கைகாட்டியை இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை எந்த நிலைக்கு வரும்? எதிர் எடை அதை ‘நில்’ என்ற நிலைக்கே கொண்டுவரும். கம்பி அறுவதைத் தடுக்க முடியாது. அறுந்தால் ரயில் நிற்கும்படி செய்ய முடியும். நம் பெட்டியும் கெட்டால் நிற்கும் பக்கமாகவே கெட வேண்டும்.

நீண்ட கம்பி அறுந்தால் எல்.இ.டி. ஒளிராது, ஏவ மாட்டோம். யாராவது மிதித்துக் கம்பியின் இரு இழைகளும் ஒட்டிக்கொண்டால் கொளுத்திக்கு மின்னோட்டமே போகாது. பொத்தானை அழுத்தினால் ஃப்யூஸ் உருகும். நல்லது. பொத்தானின் தொடுமுனைகள் தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொண்டால்? அங்கேதான் வினை. சாவியைத் திருப்பிய கணமே முழு மின்னோட்டமும் பாயும். ஒட்டிக்கொண்ட பொத்தான் வெளியே பார்த்தால் நல்ல பொத்தானாகவே தெரியும். ஆகையால் ஒவ்வொரு முறையும் கொளுத்தியை இணைக்கும் முன், கிளிப்புகளில் பல்பை மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும். எல்.இ.டி. ஒளிர்ந்து பல்பு இருண்டிருந்தால் சரி. எல்.இ.டி. இருண்டு பல்பு எரிந்தால் பொத்தான் ஒட்டியிருக்கிறது. பல்பைக் கழற்றும் முன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். யார் சட்டைப் பையில்? ராக்கெட்டின் அருகே போய்க் கிளிப் மாட்டுகிறவருடைய பையில். இந்த ஒன்றை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். சாவி நண்பனிடம் இருக்கிறது, அவன் நல்லவன், என்பதெல்லாம் போதாது.

சில மாணவர்கள் ரிலே வைக்க விரும்புவார்கள். பாட்டரியை ராக்கெட்டின் அருகிலேயே வைத்து, காரின் ஹார்ன் ரிலே ஒன்றையும் அங்கே பொருத்தினால் நீண்ட கம்பியில் 0.15 ஆம்பியர் அளவே பாயும். கம்பியின் தடை பிரச்சினையே இல்லை. தூரம் கூடும்போது இது சிறந்த முறைதான். (ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாகப் போட மறக்காதீர்கள். சுருளில் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது எழும் தூண்டு மின்னழுத்தம் பொத்தானில் தீப்பொறி கிளப்பும்.) ஆனால் இப்போது அதே கம்பியை யாராவது மிதித்தால் என்ன ஆகும்? இழைகள் ஒட்டியதும் ரிலேச் சுருளுக்கு மின்னோட்டம் போய்விடும். கையிலுள்ள சாவியையும் பொத்தானையும் அது சுற்றி வளைத்துக்கொண்டு போகும். ராக்கெட் கிளம்பும்! சாதாரணப் பெட்டியில் ஃப்யூஸ் உருகும் அளவில் முடிந்த பழுது, ரிலேப் பெட்டியில் ஆபத்தாக மாறுகிறது. பாட்டரியின் அருகில் இரண்டாவது சாவி வைத்தால்தான் இதற்கு ஈடு. ஐந்து மீட்டருக்கு ரிலே இல்லாத பெட்டியே மேல் என்பது என் கருத்து.

ரிலேக்குப் பதில் டிரான்சிஸ்டர்? பழுதாகும் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் உள்ளே குறுக்குச் சுற்றாகிப் பழுதாகிறது. அதாவது ‘ஏவு’ என்ற பக்கமாக. தைரிஸ்டரோ ஒரு முறை கடத்தத் தொடங்கினால் விரலை எடுத்தாலும் நிற்காது. இன்னும் சிலர் அறிவியல் கண்காட்சிக்காக, ஒன்பதிலிருந்து பூச்சியம் வரை எண்ணித் தானே ஏவும் எண் காட்டியை இணைத்துக்கொண்டு வருவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எண்ணுவதோடு அது நிற்கட்டும். பூச்சியத்துக்குப் பின் அழுத்துவது விரலாகவே இருக்கட்டும். திரியை விட்டது ஏன் என்று முன்பு சொன்னேனே, தானியங்கி எண்ணிக்கை அந்தத் திரியைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறது.

அழுத்தியும் கிளம்பவில்லை என்றால்? மாதிரி ராக்கெட் விதியில் இதற்கு ஒரே விடை: சாவியை எடு, 60 வினாடி யாரும் அருகில் போகாதே. குழலுக்குள் மருந்து கனன்றுகொண்டிருக்கலாம். கேப் கனாவரலில் அந்த நான்கு அங்குல ராக்கெட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? எரிபொருள் நிறைந்து, பாட்டரிகள் உயிரோடு, பாரசூட்டுகள் காற்றில் ஆட நின்ற அதை நெருங்கவே முடியவில்லை. துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் ஓட்டை போடலாமா என்ற யோசனைகூட எழுந்தது. பறப்புக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாயிருந்த கிறிஸ் கிராஃப்ட்டும் மற்றவர்களும் இறுதியில் எடுத்த முடிவு, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இரவு முழுவதும் காத்திருந்தார்கள். திரவ ஆக்சிஜன் ஆவியாகிப் போயிற்று. பாட்டரிகள் தாமே தீர்ந்தன. மறுநாள் காலையில்தான் ஆட்கள் அருகில் சென்றார்கள்.

பெட்டி முடிந்ததும் பல்பை மட்டும் எரித்துக்கொண்டிருப்பது உங்களுக்குச் சலிக்கக்கூடும். பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் ஊற்றிச் சைக்கிள் பம்பால் காற்றடித்து விடும் தண்ணீர் ராக்கெட்டை உங்களில் பலர் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதன் பூட்டுமுள்ளைக் கயிறு கட்டி இழுப்பது வழக்கம். கயிற்றுக்குப் பதில், கார்க் கதவைப் பூட்டித் திறக்கும் 12 வோல்ட் மோட்டார் ஒன்றை அந்த முள்ளில் இணைத்து, பல்பு இருந்த இடத்தில் நம் கிளிப்புகளை மாட்டுங்கள். ஒரு திசையில் அழுத்தினால் தள்ளும். கிளிப்புகளை மாற்றி மாட்டினால் இழுக்கும். முள் இறுக்கமாக இருந்தால் பாட்டரி நல்லதாயிருந்தும் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அப்போது சாவியை எடுத்துவிட்டு, ஆசிரியர் புட்டியின் காற்றை இறக்கியபின், முள்ளுக்குச் சிறிது எண்ணெய் விட்டுப் பாருங்கள்.